முயலுக்குக் கக்கூஸ் கட்டிய கதை

முன்குறிப்பு: இந்தக் கட்டுரை முழுக்க மூத்திரமும் புழுக்கையும்தான். சாப்பிட்டுக்கிட்டே படிக்கிற மக்கள் தட்டைக் கழுவிட்டு வந்து உட்காரவும். :)

எங்க கிளாஸ்ல திங்கக்கிழமை காலையில ஒரு வழக்கம் இருக்கு. "லீவுல என்னடா பண்ணே?"ன்னு ஆளாளுக்குக் கேட்டுக்குவோம். ஒருத்தன் மதுரைக்குப் போய் படம் பார்த்தேன்னு சொல்லுவான். ஒருத்தன் கல்யாண வீட்டுல மூணு பந்தி உட்கார்ந்தேன்னு சொல்லுவான். நான் "முயலுக்குப் பேப்பர் மாத்துனேன்"னு சொல்லுவேன். மொத்த பெஞ்சும் சிரிக்கும். சிரிச்ச அத்தனை பேருக்கும் இந்தக் கட்டுரை சமர்ப்பணம்.

மேட்டருக்கு வருவோம். எங்க வீடு அருப்புக்கோட்டையில. அப்பா தறி நெய்யிறவர். முன்னறையில குழித்தறி, அதை ஒட்டி ஒரு அறை, அடுப்படி, பின்னாடி ஒரு துண்டு முற்றம், அதுல அம்மாவோட மல்லிகைச் செடி. அவ்வளவுதான் வீடு. இதுக்குள்ள அப்பா, அம்மா, அப்பத்தா, எட்டாவது படிக்கிற தங்கச்சி, பி.காம் படிக்கிற நான். இந்தக் கூட்டம் பத்தாதுன்னு போன பொங்கல் முடிஞ்ச கையோட ரெண்டு முயல்.

திருச்சுழி பக்கத்துல ஒரு கிராமத்துல மாமா முயல் வளர்த்தாரு. கறிக்குப் போகும், நல்ல லாபம்னு யாரோ சொல்லி ஆரம்பிச்சது. வெயில்ல குட்டிகள் தாங்கல. கூண்டை எல்லாம் வித்துட்டு மிச்சமிருந்த ரெண்டு குட்டியை என் தங்கச்சி கையில குடுத்துட்டாரு. "ரெண்டும் பொட்டைதான், பயப்படாதீங்க"ன்னு உத்தரவாதம் வேற. வெள்ளைக்குப் பருத்தி, சாம்பலுக்குக் கம்புன்னு தங்கச்சி பேர் வச்சா. கரிசக்காட்டுப் பிள்ளைக்கு வேற என்ன பேர் தோணும்?

அப்பத்தா மட்டும் முதல் நாளே கேட்டா: "ஏய்யா, எப்ப அடிக்கப் போறீக?"

அவ கேட்டதுல தப்பில்ல. எங்க தாத்தா காலத்துல மொசல்னா அது நாய்க்கு முன்னாடி ஓடுறது, இல்லைன்னா சட்டியில கிடக்கிறது. எங்க விருதுநகர் மாவட்டத்துலதான் சிப்பிப்பாறை இருக்கு. அந்த ஊர் பேர்ல ஒரு நாய் இனமே உண்டு. ஒல்லி உடம்பு, நீளக் கால், முயல் விரட்டுறதுக்குன்னே வளர்த்த சாதி. தாத்தா அப்படி ஒரு நாய் வச்சிருந்தாராம்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். தாத்தா விரட்டுன முயலும் எங்க வீட்டுப் பருத்தியும் ஒண்ணு கிடையாது. தமிழ்ல ரெண்டையும் முயல்னுதான் சொல்றோம். ஆனா நம்ம காட்டுல இருக்கிற கருங்கழுத்து முயல் வளை தோண்டாது. புதர் அடியில தரையிலயே படுக்கும், தனியாத் திரியும். அதைப் பிடிக்கிறதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். வீட்டு முயலோட பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். அது மண்ணுக்குள்ள வளை தோண்டி கூட்டமா வாழ்ற ஜாதி. அப்படி வாழும்போது கண்ட இடத்துல போகாம குறிப்பிட்ட சில இடங்கள்ல போய்ப் போய் புழுக்கையைக் குவிக்கும். "இது எங்க ஏரியா"ன்னு மத்த முயலுக்குச் சொல்ற போர்டு அது. வீட்டு முயலுக்குக் கக்கூஸ் பழக்க முடியுதுன்னா இதுதான் காரணம். நாம புதுசா ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. அதுக்கு ஏற்கனவே தெரிஞ்சதை நம்ம வீட்டுக்கு ஏத்த மாதிரி இடம் மாத்துறோம். இது எனக்கு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சது. புரியறதுக்குள்ள ஒரு சேலை போச்சு.

மாசி மாசம். அப்பா ஒரு சேலை முடிச்சு, மடிச்சு, தறி மேடை ஓரமா வச்சுட்டு டீ குடிக்கப் போனாரு. நான் கூண்டுக் கதவைச் சரியா மாட்டல. (ஆமா, நான்தான்.) பருத்தி வந்து அந்தச் சேலை மேல ஏறி உட்கார்ந்து, நிதானமா, கண்ணை மூடிக்கிட்டு காரியத்தை முடிச்சுட்டா. முயலுக்கு மெத்துன்னு இருக்கிற துணின்னா அப்படி ஒரு இஷ்டம். பாய், தலையணை, போர்வை எதையும் விடாது.

அம்மா ஓடிப்போய் உடனே அலசுனா. ஆனா தறியில இருந்து வந்த சேலையில தண்ணி பட்டா அதோட முடிஞ்சது. கஞ்சி போயிரும், மடிப்பு போயிரும். கஞ்சி போன சேலை புதுச்சேலை இல்ல. சேலை கொண்டுபோய்க் குடுக்கிற இடத்துல தொட்டுப் பார்த்ததும் தள்ளி வச்சுட்டாங்க. கூலியும் போச்சு, நூல் கணக்கும் அப்பா தலையில விழுந்துச்சு. அம்மா தார் சுத்தி, அப்பா நாள் கணக்கா குழிக்குள்ள காலை விட்டு உட்கார்ந்து நெஞ்ச சேலை.

அப்பா கத்தல. கத்தியிருந்தாக்கூட பரவாயில்ல. ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு: "ஒரு மாசம் பாப்பேன். அதுக்குள்ள தரையில ஒரு சொட்டு விழாம இருக்கணும். இல்லைன்னா உங்க மாமன் வித்த இடத்துக்கே போகட்டும்." மாமா வித்தது கறிக்கடைக்கு. தங்கச்சி சாப்பாட்டை விட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அடுத்த நாள் நான் ஒரு நோட்டுப் போட்டேன். காமர்ஸ் மூளை வேற எப்படி யோசிக்கும்? தேதி, நேரம், எந்த முயல், எந்த இடம், காரணம். உள்ள போனா வரவு, வெளிய போனா செலவு. முதல் வாரக் கடைசியில கணக்கு முடிச்சுப் பார்த்தேன். கம்பெனி திவால்.

என்ன தப்பு பண்ணேன்னா, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எனக்கு வசதியான இடத்துல, வாசல் பக்கம் வச்சேன். முயலைத் தூக்கித் தூக்கி அதுல உட்கார வச்சேன். அது இறங்கி ஓடி தறிக்குப் பின்னாடி மூலையில போய் இருந்துச்சு. திரும்பத் தூக்கிட்டு வந்தேன். திரும்ப அதே மூலை. நாலு நாள் நடந்த இந்தக் கூத்தைப் பார்த்துக்கிட்டே இருந்த அப்பத்தா ஒரு வார்த்தை சொன்னா.

"அது எடத்தைச் சொல்லிட்டுல்ல இருக்கு. நீதான கேக்க மாட்டேங்கிற?"

நோட்டைப் புரட்டுனா அதேதான். செலவுப் பக்கத்துல பாதிக்கு மேல 'தறி மூலை'. டப்பாவைத் தூக்கி அந்த மூலையில வச்சேன். அன்னைக்கு ராத்திரியே முதல் வரவு விழுந்துச்சு.

அதுக்கப்புறம் படிச்சும் பட்டும் கத்துக்கிட்டதை வரிசையா சொல்றேன்.

முதல்ல இடத்தைச் சுருக்கணும். வீடு முழுக்க விட்டுட்டு கக்கூஸ் பழக்க முடியாது. தறி மூலையைச் சுத்தி பழைய கம்பி வலையால நாலடிக்கு நாலடி அடைச்சேன். அதுக்குள்ள ஒழுங்கா இருந்தா ஒரு வாரம் கழிச்சு இன்னும் நாலடி. தப்பு நடந்தா திரும்பச் சுருக்கு.

டப்பாவுக்குள்ள அடியில நியூஸ் பேப்பர், மேல வைக்கோல். மரத்தூள் போடலாம்னு நினைச்சேன். பைன் மாதிரி வாசனை மரத்துத் தூள் முயலோட மூச்சுக்கும் ஈரலுக்கும் நல்லதில்ல. பூனைக்குன்னு விக்கிற, ஈரம் பட்டா கட்டி தட்டுற களிமண் வகையும் ஆகாது. முயல் அதைத் தின்னா குடல் அடைச்சுக்கும். சுத்தம் பண்ணும்போது மொத்தத்தையும் கொட்டிறக்கூடாது. ஈரமான பேப்பர்ல ஒரு துண்டும் நாலு புழுக்கையும் டப்பாவுலயே விட்டு வைக்கணும். அந்த வாசனைதான் அதுக்கு விலாசம். வெளிய கிடக்கிற புழுக்கையையும் பொறுக்கி உள்ள போடணும்.

அப்புறம் புல்லை டப்பாவோட ஒரு ஓரத்துலயே சொருகி வைக்கணும். தின்னுக்கிட்டே போறதுதான் முயலோட பழக்கம். நமக்கு இது அருவருப்பா இருக்கும். ஆனா இந்த ஒரு வேலையில பாதி வெற்றி. வெறும் வைக்கோல்ல சத்து கிடையாது. அருகம்புல்லும் கோ-4 தீவனப்புல்லும் நிழல்ல உலர்த்தி வச்சுக்கிட்டோம்.

அடுத்து, தரையில விழுந்ததைச் சும்மா தண்ணி ஊத்திக் கழுவினா போகாது. முயல் மூத்திரம் காஞ்சா சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாப் படியும். அதுல நிஜமாவே கால்சியம் இருக்கு. சோப்பு ஒண்ணும் பண்ணாது, புளிப்பு வேணும். வினிகர்னு படிச்சுட்டு கடைக்குக் கிளம்பினேன். அப்பத்தா பித்தளைக் குடம் விளக்கிட்டு இருந்த புளிக் கோதைத் தரையில வச்சு ரெண்டு தேய் தேய்ச்சா. படிவு கரைஞ்சு போச்சு. புளியில இருக்கிறதும் அமிலம்தானே. சிமெண்டுத் தரையா இருந்தா அதிக நேரம் ஊற விடாம தண்ணி ஊத்திக் கழுவிறணும். வெள்ளைத் துணிக்கு மட்டும் புளி வேணாம், கறை மேல கறை ஆயிரும். அதுக்கு வினிகர்தான்.

முக்கியமா, அடிக்கக் கூடாது. மூக்கைத் தரையில தேய்க்கிறதும் கூடாது. முயலுக்கு நம்ம கோபம் புரியாது, நம்ம கையைப் பார்த்தா பயப்படணும்னு மட்டும்தான் புரியும். பயந்த முயல் இன்னும் நாலு இடத்துல போகும். (இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி இதுக்கு வருவேன்.)

இடையில ரெண்டு பீதி. ஒருநாள் தங்கச்சி "அண்ணே, ரத்தம்!"னு அலறினா. பேப்பர்ல செங்கல் கலர்ல ஈரம். சில தழைகள்ல இருக்கிற நிறமியால மூத்திரம் ஆரஞ்சு, சிவப்புன்னு மாறுமாம். முக்கி முக்கிப் போனாலோ, ரத்தக் கட்டி தெரிஞ்சாலோதான் உடனே டாக்டர்கிட்ட ஓடணும். இன்னொரு நாள் அப்பா பார்த்துட்டாரு, கம்பு குனிஞ்சு தன் பின்பக்கத்துல இருந்தே எதையோ நேரா வாயில வாங்கித் தின்னதை. "கருமம், இது பீயத் திங்குதுடா!" அது புழுக்கை இல்ல. முயல் ரெண்டு வகையாப் போகும். உருண்டையா காஞ்சது ஒண்ணு. குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி மினுமினுன்னு மெத்துன்னு இருக்கிறது இன்னொண்ணு. ரெண்டாவதுல சத்து இருக்கு, அதைத் திரும்பத் தின்னாத்தான் முயல் ஆரோக்கியமா இருக்கும். மாடு அசை போடுற மாதிரின்னு அப்பாகிட்ட விளக்கினேன். "மாடு வாயில இருந்து வாய்க்குத்தான்டா எடுக்கும்"னாரு. நியாயமான பாயிண்ட்.

ஒரு மாசக் கெடு முடியும்போது நோட்டுல வாரத்துக்கு ரெண்டு மூணு செலவுதான். அப்பா ஒண்ணும் சொல்லல. அவர் ஒண்ணும் சொல்லலைன்னா பாஸ்னு அர்த்தம்.

அப்பதான் கம்பு வேலையைக் காட்டினான். ஆமா, 'னான்'. நாலு மாசம் ஆனதும் சுவர், கூண்டு, என் பேண்ட், எல்லாத்து மேலயும் பீச்சி அடிக்க ஆரம்பிச்சான். மாமா குடுத்த உத்தரவாதம் காலி. உடனே ரெண்டையும் தனித்தனியா அடைச்சோம். முயல் சினை முப்பத்தொரு நாள்தான், நம்ம வீட்டுல அதுக்கெல்லாம் இடமில்ல. பருவம் வந்த ஆண் முயல் எல்லை குறிக்கிறதை எந்த டப்பாவும் நிறுத்தாது, ஆபரேஷன்தான் வழி. மதுரைக்குக் கொண்டு போனோம். பஸ்ல கட்டைப்பை, பைக்குள்ள கூடை, கூடைக்குள்ள கம்பு. வயித்தைக் காயப்போட்டுக் கூட்டிட்டு வரணுமான்னு கேட்டேன். கூடாதுன்னாங்க. முயலால வாந்தி எடுக்க முடியாது, அதனால அந்தப் பயம் இல்ல. ஆனா பட்டினி கிடந்தா குடல் நின்னு போயிரும். ஆபரேஷனுக்கு அப்புறமும் சில வாரம் அது பொட்டையோட சேரக்கூடாது, பீச்சுறதும் மெதுவாத்தான் குறையும்னு சொல்லி அனுப்பினாங்க. அப்படியே நடந்துச்சு. பணம் நான் ட்யூஷன் எடுத்துச் சேர்த்தது.

இப்ப நான் தள்ளித் தள்ளி வச்ச இடத்துக்கு வரேன்.

சித்திரை. எங்க ஊர் சித்திரையைத் தெரிஞ்சவங்களுக்கு விளக்க வேணாம். நாற்பதை நெருங்குற வெயில். முயலுக்கு நம்மை மாதிரி வேர்க்காது, உடம்புச் சூட்டைக் காது வழியாத்தான் வெளிய விடும். தரையில ஈரச் சாக்கு, துணி சுத்துன தண்ணி பாட்டில்னு ஏதேதோ பண்ணிட்டு இருந்தோம். எனக்கு செமஸ்டர் பரீட்சை. ரெண்டு மாசமா ஒழுங்கா இருந்த பருத்தி திடீர்னு டப்பாவுக்கு வெளிய போக ஆரம்பிச்சா. ஒரு நாளைக்கு அஞ்சு தடவை, ஆறு தடவை. கொஞ்சம் கொஞ்சமா, தறிக்கிட்ட, பாய்க்கிட்ட. மூணாவது நாள் என் காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸ் மேல.

மறுநாள் பரீட்சை. கையில சுருட்டுன பேப்பர் இருந்துச்சு. அடிச்சுட்டேன். பலமா இல்லைன்னு எனக்கு நானே நிறைய தடவை சொல்லிக்கிட்டேன். அவ ஓடல, மூலையில ஒடுங்கி உட்கார்ந்தா. நோட்டுல காரணம்னு இருக்கிற இடத்துல 'திமிர்'னு எழுதினேன்.

பரீட்சை எழுதிட்டு வந்து பார்த்தா அவ சரியாத் திங்கல. முதுகை வளைச்சு முக்கிக்கிட்டு இருந்தா. பேப்பர்ல கரைச்ச சுண்ணாம்பு மாதிரி கெட்டியா ஒரு வெள்ளை. திரும்ப மதுரை. டாக்டர் வயித்தைத் தடவிப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்துட்டு, மூத்திரப் பையில கால்சியம் சேறு மாதிரி தேங்கிக் கிடக்குன்னாரு. என்ன தீனின்னு கேட்டாரு. அகத்தி, முருங்கைக்கீரை. முற்றத்துக்குப் பக்கத்துல ஓசியில கிடைச்சது, சத்துன்னு நினைச்சு அள்ளி அள்ளிப் போட்டோம். மத்த பிராணிங்க மாதிரி இல்லாம, முயல் தின்கிற கால்சியத்துல பெரும்பகுதி உடம்புல ஏறிடும். மிச்சம் மூத்திரத்துலதான் வெளிய வரணும். அகத்தியும் முருங்கையும் கால்சியத்துக்குப் பேர் போன கீரைங்க.

அடுத்து, என்ன தண்ணின்னு கேட்டாரு.

எங்க வீடு குடத்தை எண்ணிச் செலவழிக்கிற வீடு. நல்ல தண்ணி மனுசருக்கு, உப்புத் தண்ணி பாத்திரத்துக்கும் முயலுக்கும். நான்தான் அப்படிப் பிரிச்சேன். செலவு மிச்சம்னு பெருமையாக்கூட இருந்துச்சு. கரிக்கிற தண்ணியை அவ சரியாவே குடிக்கல. அந்த வெயில்ல. கிண்ணம் குறையலையேன்னு நான் ஒரு நாளும் நோட்டுல எழுதல. வெளிய விழுந்த ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு வச்ச எனக்கு, உள்ள போகாத தண்ணிக்குக் கணக்கு இல்ல.

அவ வலியில போயிருக்கா. டப்பா வரைக்கும் வர முடியாம போயிருக்கா. நான் பேப்பரால அடிச்சிருக்கேன்.

ஊசி, மருந்து, தோலுக்கடியில தண்ணி ஏத்துறது, கீரை நிறுத்தம், புல் மட்டும். பத்து நாளாச்சு தேற. திரும்ப டப்பாவுக்குள்ள அவளா ஏறி உட்கார்ந்த அன்னைக்குத் தங்கச்சி கைதட்டினா. பஸ்ட் இயர்ல 'ரெக்டிஃபிகேஷன் ஆஃப் எரர்ஸ்'னு ஒரு பாடம் உண்டு. தப்பா எழுதுனதை ரப்பர் வச்சு அழிக்கக் கூடாது, திருத்தப் பதிவு போடணும். 'திமிர்'ங்கிறதை அடிச்சிட்டு பக்கத்துல 'வலி'ன்னு எழுதி, தேதி போட்டேன். பழைய எழுத்து இன்னும் தெரியுது. தெரியட்டும்.

திருச்சுழியில 1879-ல பிறந்த ரமணர் திருவண்ணாமலை ஆசிரமத்துல மிருகங்களை 'அது'ன்னு சொல்ல மாட்டார், 'அவன், அவள்'னுதான் சொல்வாராம். பசு, நாய், காக்கா, மானுக்கெல்லாம் அங்க சமாதியே இருக்கு. சின்ன வயசுல கேட்டப்ப இது பெரிய மனுசங்க சமாச்சாரம்னு நினைச்சேன். இப்ப எங்க வீட்டுல அப்பத்தாவே "பருத்தி இன்னைக்கு ரெண்டு தடவதான் போனா"ன்னு சொல்றா. ஞானம் எல்லாம் இல்ல, தினமும் ஒருத்தரோட மூத்திரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தா அது தானா 'அவ' ஆயிருது.

இப்ப நிலவரம்: வாரத்துக்கு ஒரு விபத்து, ரெண்டு விபத்து. தீபாவளி வெடிக்குக் கண்டிப்பா நாலஞ்சு விழும், அது பயம், பழக்கம் விட்டுப் போனதில்ல. புழுக்கை மல்லிகைச் செடிக்குப் போகுது. மாட்டுச்சாணம் மாதிரி மக்க வைக்க வேண்டியதில்ல, அப்படியே வேர்ல போடலாம். அந்தச் சேலையை அம்மா உடுத்துறா. முந்தானை ஓரத்துல ஒரு மஞ்சள் தேமல், போகவே இல்ல.

போன வாரம் நல்ல தண்ணி வந்த அன்னைக்கு, அப்பா முதல் குடத்துல இருந்து ஒரு சொம்பு மொண்டு முயல் கிண்ணத்துல ஊத்திட்டுத்தான் தறிக்குழியில இறங்கினாரு. நான் பார்த்ததை அவர் பார்க்கல.

டிஸ்கி: முயல் வாங்கப் போற மக்களுக்கு மூணே வரி. அது போற இடத்துல டப்பாவை வை. நல்ல தண்ணி வை. பழகுன முயல் திடீர்னு வெளிய போனா கையை ஓங்காம டாக்டர்கிட்ட போ.